ராக்ஃபிஷ்ஷைக் கடலில் போட்டால் மட்டும் போதாது, ஆழத்தில் கொண்டுபோய் விட வேண்டும்

அலாஸ்காவின் சிட்கா, கெட்சிகன் துறைகளிலிருந்து கிளம்பும் சார்ட்டர் (வாடகை மீன்பிடிப்) படகுகளில் ஒரே நாளில் சால்மனும் பிடிப்பார்கள், கடலடிப் பாறைகளை ஒட்டி வாழும் ராக்ஃபிஷ்ஷும் பிடிப்பார்கள். வேண்டாத மீனைத் திருப்பி விடுவதில் இரண்டுக்கும் ஒரே முறை செல்லாது.

சால்மனின் காற்றுப்பையிலிருந்து (மீன் நீரில் மிதக்க உதவும் உள்ளுறுப்பு) உணவுக்குழாய்க்கு ஒரு வழி உண்டு. மேலே வரும்போது காற்றை வாய்வழியாக வெளியேற்றிவிடும். அதற்குக் கெடுதல் வலையாலும் கையாலும்தான். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால், மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் படகோரத்திலேயே கழற்றிவிடலாம்.

ராக்ஃபிஷ்ஷின் காற்றுப்பை அடைபட்டது. 30 பாகத்தில், அதாவது 180 அடியில், அழுத்தம் கடல்மட்டத்தைப் போல சுமார் ஆறரை மடங்கு. மேலே இழுத்ததும் உள்ளே உள்ள காற்று அந்த அளவுக்கு விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், வயிறு உப்பும், இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளும். ரீலை மெதுவாகச் சுற்றி மீனை ஏற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் காற்று இரத்தத்தில் கரைந்து குறைய மணிக்கணக்கில் ஆகும். ரீலை நிதானமாகச் சுற்றி ஒரு பயனும் இல்லை. அப்படியே வீசினால் மீன் மல்லாந்து மிதக்கும், கடற்புறாவும் கழுகும் கொத்தும்.

வெளியே தெரிவதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துவது இன்னொரு தவறு. அது இரைப்பை. குத்தாதீர்கள். பார்க்கச் செத்ததுபோல் தெரிந்தாலும் ஆழத்துக்குத் திருப்பி இறக்கினால் காற்று மறுபடி சுருங்கும், மீன் பெரும்பாலும் நீந்திப் போய்விடும். அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் யெல்லோஐ என்ற ராக்ஃபிஷ் வகையை வைத்து நடந்த ஆய்வில், ஆழத்தில் விட்டவற்றில் சுமார் 98 சதவீதம் பிழைத்தன. மேற்பரப்பில் விட்டவற்றில் சுமார் 22 சதவீதம்தான். நூறு வயதைத் தாண்டக்கூடிய, முதிர்ச்சியடையவே ஏறக்குறைய இருபது ஆண்டு எடுக்கும் மீன் அது.

கருவி எளியது. தாடையைக் கவ்வி, குறித்த ஆழத்தின் அழுத்தத்தில் தானே திறக்கும் பிடிப்பான் ஒரு வகை. ஈயக்குண்டோடு தலைகீழாகக் கட்டிய எதிர்முள்ளில்லாத கொக்கி இன்னொன்று. கீழே போனதும் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் கழன்றுவிடும். மீன் நிறைய இருந்தால், விளிம்பில் எடை கட்டிக் கவிழ்த்த பால்பெட்டியே போதும்.

இதற்கென ஒரு தூண்டில் கழியை முதல் தூண்டில் இறங்கும் முன்பே கட்டித் தயாராக வைக்க வேண்டும். மீன் ஏறியபின் தேடினால் நேரம் போய்விடும். மேலே இரண்டு நிமிடத்துக்குமேல் வைக்காதீர்கள். முதுகு முள்ளில் விஷம் உண்டு, கீழ்த்தாடையைப் பிடியுங்கள்.

பெரும்பாலும் தவறுவது எடையில். அரைக்கிலோ ஈயத்தால் உப்பிய பெரிய மீன் இறங்காது. ஒன்றரை, இரண்டு கிலோ வேண்டியிருக்கும். நீரோட்டம் வலுத்தால் தூண்டில் நரம்பு சாய்ந்து ஓடும், எவ்வளவு நரம்பு இறங்கியது என்று காட்டும் அளவி 100 அடி காட்டினாலும் மீன் அந்த ஆழத்தில் இருக்காது. பிடிப்பானை 150 அடிக்கு வைத்துவிட்டு 120 அடித் தரையில் இறக்குகிறவர்களும் உண்டு. அது திறக்கவே திறக்காது, மீன் திரும்ப மேலே வரும்.

அலாஸ்காவில் உப்புநீரில் பொழுதுபோக்காக மீன்பிடிக்கும் எல்லாப் படகிலும் 2020 முதல் இந்தக் கருவி கட்டாயம். விடும் ராக்ஃபிஷ்ஷைப் பிடித்த ஆழத்திலோ, குறைந்தது 100 அடியிலோ விட வேண்டும். ஓரிகானில் 2017 முதலும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2019 முதலும் இதேபோன்ற விதி உண்டு.

இதையெல்லாம்விட நல்லது, விட வேண்டிய மீனைப் பிடிக்காமல் இருப்பது. கறுப்பு ராக்ஃபிஷ் பாறைமுகட்டுக்கு மேலே கூட்டமாக நிற்கும். யெல்லோஐ தரையோடு ஒட்டியிருக்கும். ஜிக்கை (எடையுள்ள செயற்கை இரை) தரை தொடவிடாமல் இரண்டு மூன்று பாகம் மேலே நிறுத்துங்கள். அப்படியும் யெல்லோஐ ஏறினால் கேப்டன் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நீங்களே கேளுங்கள். நம்மூர் களவாவுக்கும் காற்றுப்பை இப்படித்தான் அடைபட்டிருக்கிறது, அங்கே தூண்டில் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கரை திரும்பியதும் பிடிப்பானை நன்னீரில் கழுவுங்கள். உப்பு ஏறினால் தாடை சிக்கிக்கொள்ளும், அடுத்த பயணத்தில்தான் அது தெரியவரும்.