டை அடிப்பதற்காக வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கடந்த மாதம், மருந்து வழங்கும் முகப்பில் என் எதிரே வந்து அமர்ந்த ஓர் அம்மையாரின் நெற்றியில் புதிதாகப் போட்ட தையல் இருந்தது. வயது 50ஐ நெருங்கும். 18 ஆண்டுகளாக வலிப்புக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். கடைசி நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவருக்கு வலிப்பு வந்ததில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு முதல் நாள் சமையலறையில் விழுந்து, அடுப்பு மேடையின் விளிம்பில் அடிபட்டிருக்கிறார். "டை அடிச்சதாலதான் வந்துச்சு, இனிமே அம்மாவை அந்தப் பக்கமே விடமாட்டோம்" என்று உடன் வந்த மகள் முடிவாகச் சொன்னார். நான் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். கணக்குக்கு ஆறு மாத்திரைகள் கூடுதலாக இருந்தன.

மெல்ல விசாரித்தபோது அம்மையாரே சொன்னார்: "எங்க அண்ணிதான் சொன்னாங்க தம்பி. டையில இருக்கிற கெமிக்கலும் ஃபிட்ஸ் மாத்திரையும் உடம்புல ஒண்ணா சேரக் கூடாதாம். அதான் மூணு நாள் மாத்திரையை நிறுத்திட்டு அடிச்சேன்." ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள், ஆறு மாத்திரைகள்.

இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாமவர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாத்திரைக் கணக்கை மாற்றவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி மாளவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

டை அடித்தால் வலிப்பு வருமா? முதலில் இந்தக் கேள்விக்கு நேரான பதில். தலையில் முறையாகப் பூசிக் கழுவப்படும் சாயம், வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டுகிறது என்று சொல்லத்தக்க உறுதியான மருத்துவச் சான்று எதுவும் இல்லை. நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பவை அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு, பாரா-ஃபினிலீன்டையமீன் என்னும் பிபிடி ஆகியவை. இவற்றில் தோல் வழியாக இரத்தத்துக்குச் செல்வது மிகச் சிறு பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் நிலையிலுள்ள கலவையில் பிபிடி 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சிங்கப்பூரிலும் அழகுப் பொருள்கள் சந்தைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். பிபிடி செய்யும் உண்மையான தொல்லை ஒவ்வாமை. அது தோலின் சிக்கல், அதைப் பின்னர் பார்ப்போம்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் தற்கொலை நோக்கத்தோடு தலைச்சாயத்தைக் குடித்தவர்களைப் பற்றிய செய்திகள் ஊரிலிருந்து நம்மை வந்தடைகின்றன. குடித்தால் பிபிடி கொடிய நஞ்சு: கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சு அடைக்கும், தசைகள் சிதைந்து சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் செயலிழக்கும், வலிப்பும் வரலாம். ஆனால் குடிப்பது வேறு, பூசுவது வேறு. விளக்கேற்றும் கற்பூரத்தை ஒரு குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும் என்பதற்காக, ஆரத்தி எடுக்கும் வீட்டில் எல்லாருக்கும் வலிப்பு வருவதில்லையே.

சாயமும் மாத்திரையும் 'சேர்ந்துவிடும்' என்ற எண்ணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதுதான் ஆளை விழ வைக்கிறது. வலிப்பு மாத்திரை காய்ச்சல் மாத்திரை போன்றதன்று. அது நோயைத் தீர்ப்பதில்லை. இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும்வரை மூளையைக் காவல் காக்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மையார் எடுத்துக்கொண்ட லெவெடிரசெட்டாம், பெரியவர்கள் உடலில் 6 முதல் 8 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அடுத்த 6 முதல் 8 மணி நேரத்தில் அந்தப் பாதியும் பாதியாகும். மூன்றாம் நாள் அவர் தலையில் சாயத்தைப் பூசிக்கொண்டு நின்றபோது, உடலில் காவல் என்று சொல்ல ஏறத்தாழ எதுவுமே இல்லை. சாயம் அடிக்காமல் கோவிலுக்குப் போயிருந்தாலும் அவர் விழுந்திருக்கக்கூடும். அப்போது கோவிலைக் குறை சொல்லியிருப்பார்களா?

லமோட்ரிஜின் என்னும் வலிப்பு மருந்தை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சில நாள்கள் தொடர்ச்சியாக விட்டுவிட்டால், 'நாளையிலிருந்து பழைய அளவில் போட்டுக்கொள்கிறேன்' என்று தொடர முடியாது. இடைவெளி நீண்டிருந்தால் மிகக் குறைந்த அளவிலிருந்து வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும். திடீரென முழு அளவுக்குப் போனால் ஆபத்தான தோல் எதிர்விளைவு வரும் வாய்ப்பு கூடும். ஆகவே விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் திட்டுவோம் என்று அஞ்சிப் பொய் சொல்வோரால்தான் எங்களுக்குக் கலக்கமே தவிர, மறந்துவிட்டேன் என்று சொல்வோரால் இல்லை.

"டை வாசம் மூக்கில ஏறின உடனே வந்துச்சு" என்றும் பலர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூளையின் பக்க மடலில் தொடங்கும் சிலவகை வலிப்புகளில், விழுவதற்குச் சில நொடிகள் முன்பு இல்லாத வாடை ஒன்று, பெரும்பாலும் கருகிய அல்லது ரசாயன வாடை, நோயாளிக்குத் தெரியும். அந்த வாடை வலிப்பின் காரணம் அன்று. வலிப்பின் தொடக்கமே அதுதான். டை அடிக்காத நாள்களிலும் அந்த வாடை வந்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் அது உங்கள் நரம்பியல் மருத்துவருக்கு மிகவும் பயன்படும் குறிப்பு. இன்னொன்று: வெக்கையான அறையில் நெடுநேரம் நின்றபடி தலைவாரும்போதோ பின்னும்போதோ சில பிள்ளைகள் மயங்கிச் சரிவார்கள், கைகால்கள் சில முறை வெட்டியிழுக்கவும் செய்யும். அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் தாழ்வதால் வரும் மயக்கம். அதற்கு வலிப்பு என்று பெயர் சூட்டுமுன் மருத்துவர் பார்க்கட்டும்.

சாயம் குற்றவாளி இல்லை என்றால், டை அடித்த நாளில் வேறு எதுவும் வலிப்பைத் தூண்டாதா? தூண்டும், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. திருமணத்துக்கோ தீபாவளிக்கோ முன்தினம் இரவு முறுக்குச் சுட்டு, வீடு துடைத்து, நள்ளிரவு தாண்டி டை அடித்து, மூன்று மணி நேரம் தூங்கி எழுவது நம் வீடுகளின் வழக்கம். தூக்கக்கேடு வலிப்பின் முதல்தரத் தூண்டுகோல்களுள் ஒன்று. அம்மோனியா வாடையில் தலைவலி வந்துவிட்டதென்று நெற்றியிலும் மூக்கடியிலும் தைலத்தைத் தாராளமாகத் தேய்ப்பவர்கள் உண்டு. நம்மூர்க் கைப்பைகளில் இருக்கும் தைலங்கள் பலவற்றில் கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் உள்ளன. இவ்விரண்டும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது, தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாயத்துக்கு அஞ்சுகிற அளவில் பாதியாவது இந்தக் குப்பிகளுக்கு அஞ்சியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

பிறகு வெந்நீர். சூடான நீரைத் தலையில் ஊற்றும்போது மட்டும் வருகிற ஒருவகை வலிப்பு உண்டு. உலகிலேயே அதிகமாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில் காணப்படுவதால், நம் மருத்துவர்களுக்கு அது பழக்கமான ஒன்று. சாயத்தை அலசும்போது வாட்டர் ஹீட்டரை உச்சத்தில் வைத்து, நெடுநேரம் தலைக்கு ஊற்றுவது இத்தகையவருக்கு ஒத்துக்கொள்ளாது. தலைக்குக் குளிக்கும்போது முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், வெதுவெதுப்பான நீரே போதும். மருத்துவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி ஒவ்வாமை. டை அடித்து ஓரிரு நாளில் நெற்றியோரம், காது, கண்ணிமை, பிடரி ஆகிய இடங்களில் அரித்துத் தடித்தால், அது சாயத்தின் வேலையாக இருக்கலாம். அப்போது பலர் செய்வது, வீட்டில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் மாத்திரையை இரண்டிரண்டாகப் போட்டுக்கொள்வது. தூக்கம் வரவழைக்கும் இந்தப் பழைய வகை மருந்துகள் வலிப்பு எளிதில் வர வழிவிடக்கூடும். ஆகவே வலிப்பு உள்ளவர்கள் மருந்தாளரைக் கேட்காமல் அரிப்பு மாத்திரையைத் தொடாதீர்கள். பொருத்தமான வேறு வகை இருக்கிறது, கேட்டால் தருவோம்.

ஆனால் தடிப்பு தலையைச் சுற்றி இல்லாமல் மார்பிலும் முதுகிலும் பரவி, காய்ச்சலோ வாய்ப்புண்ணோ கண்ணெரிச்சலோ சேர்ந்து, நீங்கள் அண்மையில் புதிய வலிப்பு மருந்தையும் தொடங்கியிருந்தால், 'டை அலர்ஜி' என்று சொல்லி வீட்டில் உட்காராதீர்கள். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கார்பமசெபீன் என்னும் வலிப்பு மருந்தைத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்வது 2013 முதல் சிங்கப்பூரில் நடைமுறையில் இருப்பதே இந்தக் கொடிய எதிர்விளைவைத் தடுக்கத்தான். அந்தச் சோதனை எல்லா மருந்துக்கும் எல்லா ஆபத்துக்கும் காப்பு ஆகாது.

'இயற்கையானது' என்று சொல்லித் தரப்படும் கறுப்பு மருதாணியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மருதாணி இலையின் நிறம் செம்பழுப்பு. கறுப்பாகப் பற்றும் மருதாணியில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும், அதுவும் எவ்வளவு என்று எழுதப்படாமல். தேதியும் உட்பொருளும் அச்சிடாத பொட்டலத்தை, சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், தலையில் வைக்காதீர்கள். நரையை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கறுக்க வைக்கும் சில வெளிநாட்டுத் திரவங்களில் ஒருகாலத்தில் ஈய அசிடேட் இருந்தது. அதற்கான அனுமதியை அமெரிக்கா 2018இல் திரும்பப் பெற்றது. ஈயம் மூளையைத் தாக்கும் நஞ்சு.

வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தை எடுக்கும் பெண்கள் சிலருக்கு முடி உதிர்வதும் மெலிவதும் உண்மை. அதைத் தாங்க முடியாமல் மாத்திரையைக் குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வருத்தத்தை நாங்கள் அற்பமாக நினைப்பதில்லை. தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற மருத்துவரால் முடியும்.

டை அடிப்பதென்றால் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாக, பகலில், சன்னலைத் திறந்துவைத்து, வீட்டில் வேறொருவர் இருக்கும்போது அடியுங்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறம் ஒரு பொட்டளவு பூசிப் பாருங்கள். அன்றைய மாத்திரையை அன்றைய நேரத்தில் போடுங்கள். முடிதிருத்தகத்தில் செய்துகொள்வதாக இருந்தால், உங்களுக்கு வலிப்பு உண்டு என்பதை அங்கே ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். சூடான இஸ்திரிக் கருவி தலையருகே இருக்கும் வேளையில் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கண்ணில் சாயம் வழியாமல் துடைத்துவிடுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ, சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது டைப் பெட்டியோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். நாங்கள் முதலில் எண்ணப்போவது அவற்றைத்தான்.