எல்லா கவுண்ட்டரும் ஒரே நேரத்தில் நின்றால் சுவிட்ச்சைப் பாருங்கள்

"நெட் போச்சு தம்பி, பில்லே போட முடியல" என்று மதுரையில் விளக்குத்தூண், கீழமாசி வீதிப் பக்கம் கடைகளிலிருந்து அடிக்கடி போன் வரும். நெட் கனெக்‌ஷன்காரர் வந்து பார்த்து, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். பில்லிங் சாஃப்ட்வேர் உங்கள் கடையிலேயே இருக்கும் சர்வரில் ஓடுகிறது என்றால், பில் போட நெட்டே வேண்டாம். கவுண்ட்டர், பிரின்டர், கேமரா எல்லாம் சேர்ந்து நிற்கிறது என்றால் கோளாறு கடைக்குள்தான். கடையின் நெட்வொர்க் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பெட்டிக்குத்தான் சுவிட்ச் என்று பெயர். மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் அதில் முதலில் தேடுங்கள்.

சுவிட்ச் செய்வது சின்ன வேலை. கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல் ஃபிரேம் என்ற துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பிலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று இரண்டு மேக் அட்ரஸ் (ஒவ்வொரு மெஷினின் நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) இருக்கும். அனுப்பியவர் அட்ரஸைப் பார்த்து, 'இவர் இந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இருக்கிறார்' என்று சுவிட்ச் குறித்துக்கொள்ளும். பெறுபவர் எந்த போர்ட் என்று தெரிந்தால் அங்கே மட்டும் அனுப்பும். தெரியாவிட்டால் வந்த போர்ட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடும். 'எல்லோருக்கும்' என்று வரும் பிராட்காஸ்ட்டுக்கும் இதே கதிதான். கொஞ்ச நேரம் சத்தமே வராத அட்ரஸை மறந்தும்விடும். பல சுவிட்ச்சுகளில் அந்தக் கணக்கு 300 விநாடி.

வம்பு எங்கே என்றால், இந்த ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஃபிரேமுக்குள் பயணிக்கும் ஐபி பாக்கெட்டில், ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைக்கும் ரூட்டர் ஒவ்வொன்றையும் தாண்டும்போது ஒன்று குறையும் எண் உண்டு. பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடைக்குள் கேபிளில் ஓடும் ஈத்தர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை.

கடையைக் கூட்டும்போது ஒரு கேபிள் நுனி தொங்குவதைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது போல என்று யாரோ காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனை அதே சுவிட்ச்சில்தான் இருக்கிறது. அவ்வளவுதான். ஏதோ ஒரு மெஷின் 'இந்த ஐபி யாருடையது?' என்று ஒரு பிராட்காஸ்ட் விடும். அது 3ஆம் போர்ட்டில் வெளியே போய் 7இல் உள்ளே வரும், மறுபடி எல்லா போர்ட்டுக்கும் போகும், எதிர்ப்பக்கமும் அப்படியே. இறங்குமிடம் தெரியாமல் நாலு மாசி வீதியையும் சுற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டோ மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் கடையிலுள்ள எல்லா மெஷினுக்கும் ஒரு நகல் போகும். அடுத்தடுத்து வரும் பிராட்காஸ்ட்டுகளும் அதில் சேர்ந்துகொள்ள, சில விநாடிகளில் வேறு எதற்கும் இடமிருக்காது. ஒரே மெஷின் 3இலும் 7இலும் இருப்பதாகத் தெரிவதால் சுவிட்ச் வைத்திருக்கும் குறிப்பும் குழம்பிவிடும்.

அடையாளம் எளிது. யாரும் வேலை செய்யாதபோதும் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று சிமிட்டும். ஆஃப் செய்து ஆன் செய்தால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நின்றுவிடும். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே விளக்குகளைப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் அமைதியாகிறதோ, அதன் மறுமுனையைத் தேடிப் போங்கள்.

இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு, இப்படிக் கேபிள் போடும் வளையத்தை உணர்ந்து ஒரு போர்ட்டைத் தானாகத் தடுத்து வைக்கும். ஆனால் விலை குறைந்த சாதா சுவிட்ச்சுகள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. நாலைந்து கவுண்ட்டர் உள்ள கடைக்காரர் இங்கே மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. குறைந்தபட்சம், வளையம் வந்தால் கண்டுபிடிக்கும் 'லூப் டிடெக்‌ஷன்' உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கொலிஷன், அதாவது மோதல். வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். எல்லா மெஷினும் ஒரே ஒயரைப் பங்குபோட்ட காலத்து ஏற்பாடு அது. ஒயர் அமைதியாக இருந்தால் அனுப்பு, இருவர் ஒன்றாக அனுப்பி மோதிக்கொண்டால் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி முயற்சி செய். மோத மோதக் காத்திருக்கும் வரம்பு கூடும், 16 தடவைக்கு மேல் கைவிட்டுவிடும். ஃபிரேம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். மோதிய செய்தி திரும்பி வரும்வரை அனுப்பியவர் அனுப்பிக்கொண்டே இருந்தால்தானே அவருக்குத் தெரியும்! இன்றைய சுவிட்ச்சில் ஃபுல் டூப்ளெக்ஸ் ஓடுகிறது, அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும், மோதலே கிடையாது. (வைஃபை வேறு கதை, அங்கே காற்று எல்லோருக்கும் பொது.)

அதனால் சுவிட்ச்சில் கொலிஷன் எண் ஏறினால் சும்மா விடாதீர்கள். எங்கோ பழைய ஹப் (வந்ததையெல்லாம் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும் பழைய காலத்துப் பெட்டி) ஒளிந்திருக்கலாம். இல்லாவிட்டால் சர்வரின் நெட்வொர்க் கார்டில் யாரோ '100 ஃபுல்' (100 எம்பிபிஎஸ் வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ்) என்று கையால் மாற்றியிருப்பார்கள். எதிர்ப்பக்கத்தோடு தானாகப் பேசி வேகத்தை முடிவு செய்யும் 'ஆட்டோ' முறையில் இருக்கும் சுவிட்ச்சுக்கு அங்கிருந்து பதில் வராது. சிக்னலை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது, விதிப்படி ஹாஃப் (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) என்று வைத்துக்கொள்ளும். பிங் என்ற சின்னச் சோதனைத் தகவல் அனுப்பிப் பார்த்தால் அழகாகப் பதில் வரும். கணக்கு பேக்கப்பைக் காப்பி செய்தால் மட்டும் ஊர்ந்துகொண்டு போகும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று. கேமரா மாட்ட வருபவர், வேகம் கூடும் என்று இரண்டு சாதா சுவிட்ச்சுக்கு நடுவில் இரண்டாவது கேபிள் போடப் பார்ப்பார். விடாதீர்கள். வேகம் கூடாது, மேலே சொன்ன அதே வளையம்தான் உருவாகும்.