யார் செக்ரோலில் உங்கள் பேர்?

கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை விரிவடைகிறது, நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும். கொஞ்ச நாளில் மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் வேன் வந்து நிற்கும். வேனை அனுப்புவது பெரும்பாலும் தொழிற்சாலை அல்ல, அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர்காரர். தொழில் வழக்குப் பார்க்கிற எனக்கு, அந்த வேனில் போனவர்கள் திரும்பி வரும்போதுதான் அறிமுகம்.

கடைசியாக வந்த தம்பி கொழும்புப் பக்கம் பியகமவில் கார்களுக்கு வயர்க்கட்டுச் செய்யும் வயர் ஹார்னஸ் லைனில் நின்றவர். ஓடர் குறைந்ததும் "நாளைக்கு வர வேண்டாம்" என்று போனில் சொல்லிவிட்டார்கள். கையிலிருந்த ஒரே ஆதாரம் கழுத்தில் மாட்டும் அட்டை. முன்பக்கம் தொழிற்சாலையின் சின்னம் பெரிதாக. பின்பக்கம் பொடி எழுத்தில் மேன்பவர் கம்பனியின் பெயர். அங்கே போன் எடுப்பாரில்லை. தொழிற்சாலையோ "அவர் எங்கள் ஆள் இல்லை" என்கிறது.

ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டினார்களா என்றேன். "பேர்மனண்ட் ஆன பிறகுதானே சேர்?"

இல்லை தம்பி, இல்லை! முதல் நாளிலிருந்தே. தற்காலிகம், பயிற்சிக்காலம், நாட்சம்பளம், ஒப்பந்தம், எதுவானாலும் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12. ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், அது முழுக்க முதலாளி காசு. சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12உம் 3உம் சேர்த்து அவர் உங்களுக்காகப் போட வேண்டியது மட்டும் மாதம் 6,000. "வெட்டினால் கையில் குறையுமே" என்பவர்கள் தங்கள் 8 வீதமான 3,200 மிச்சம் என்று நினைத்து இந்த 6,000த்தைக் கைகழுவுகிறார்கள். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிவதற்கும் பதிவில்லாமல் கைகாசுக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். அட்டை மாட்டிய மகன் செய்ததும் அந்தக் கைகாசு வேலைதான்.

தரகருக்கு ஐந்து சதமும் கொடுக்காதீர்கள். வேனில் ஏறுமுன் நியமனக் கடிதத்தைக் கேளுங்கள், யார் பெயரில் என்று பாருங்கள். சிங்களத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். சம்பளச் சீட்டை மாதாமாதம் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அப்புறம் போர்டிங்கில் தொலைந்தது என்று வராதீர்கள். வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போக வேண்டும். தீபாவளி முடியட்டும், தேர் முடியட்டும் என்று இருந்துவிட்டு ஏழாம் மாதம் வருகிறவர்களுக்கு நான் என்ன செய்ய?

ஈ.பி.எஃப். முறைப்பாட்டுக்கு லோயரே தேவையில்லை. பக்கத்துத் தொழில் காரியாலயத்தில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அட்டையின் பின்பக்கத்தையும் போட்டோ பிரதி எடுத்து இணையுங்கள்.