தண்ணீரா, சோடியமா? முதல் அணு நீர்மூழ்கிகளின் கதை

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படகுகளை நீர்மூழ்கி என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். பெரும்பாலான நேரம் மேலே மிதந்தபடி டீசலில் ஓடிவிட்டு, ஆபத்து வந்தால்தான் பேட்டரியை நம்பி உள்ளே போகும். முழு வேகத்தில் விரட்டினால் அந்த பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், சிக்கலே அதுதான். அணு உலையில் யுரேனிய அணுக்களைப் பிளந்து சூடு எடுக்கக் காற்று தேவையில்லை.

அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கித் திட்டத்தை நடத்திய ஹைமன் ரிக்கோவர் இரண்டு குதிரைகள் மேல் பணம் கட்டினார். தண்ணீரால் குளிர்விக்கும் வெஸ்டிங்ஹவுஸ் உலை நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக்கு, உருகிய சோடியத்தால் குளிர்விக்கும் ஜெனரல் எலெக்ட்ரிக் உலை சீவுல்ஃப் என்ற நீர்மூழ்கிக்கு.

நாட்டிலஸ் உலையில் தண்ணீர் கொதிக்காதபடி, காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தி வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் வேறொரு குழாயிலுள்ள தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுற்றும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உலைத் தண்ணீர் சூட்டை மட்டும் எடுத்துப் போவதில்லை, அணு பிளக்கும்போது சீறி வரும் நியூட்ரான் என்ற துகள்களின் வேகத்தையும் குறைக்கிறது. மெதுவான நியூட்ரான்தான் அடுத்த யுரேனிய அணுவைச் சுலபமாகப் பிளக்கும். சரி, கேப்டன் முழு வேகம் கேட்கிறார், நீராவி வால்வைத் திறக்கிறார்கள். டர்பைன் அதிக நீராவியை இழுக்க, உலைத் தண்ணீர் சற்றுக் குளிர்ந்து திரும்புகிறது, குளிர்ந்ததால் அடர்த்தி கூடி நியூட்ரான்களை இன்னும் நன்றாக மட்டுப்படுத்துகிறது, பிளவு கூடி உலையின் சக்தி தானாக ஏறுகிறது. நியூட்ரான்களை விழுங்கிப் பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை யாரும் தொடவே வேண்டாம். வால்வை மூடினால் எல்லாம் தலைகீழ்.

1955 ஜனவரி 17 அன்று நாட்டிலஸ் அணுசக்தியில் கிளம்பியது. அதே ஆண்டு போர்ட்டோ ரிக்கோவுக்கு சுமார் 2,200 கி.மீ. தூரத்தை 90 மணி நேரத்துக்குள், முழுக்க நீருக்கடியிலேயே கடந்தது. 1958 ஆகஸ்ட் 3 அன்று வடதுருவப் பனிக்கு அடியிலும் போய்விட்டது.

சோடியம் காகிதத்தில் இதைவிட அழகு. பெரிய அழுத்தமே வேண்டாம், நீராவியும் நல்ல சூட்டில் கிடைக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருள், சுற்றிலுமோ கடல். சுமார் 98 டிகிரிக்குக் கீழே போனால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். உலையில் ஓடும்போது கதிரியக்கமும் ஏறிக்கொள்ளும், அதனால் பழுது பார்க்க உடனே பக்கத்தில் போக முடியாது. சீவுல்ஃபின் நீராவிக் கருவியில் கசிவு வந்து, அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டுக் குறைந்த சக்தியில்தான் 1957-ல் படகு சேவைக்கே வந்தது. அப்படியும் 1958-ல் 60 நாள் தொடர்ந்து மூழ்கியிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு அந்த உலையைக் கழற்றி அட்லாண்டிக்கில் போட்டுவிட்டு, தண்ணீர் உலையையே வைத்தார்கள்.

சோடியத்தைப் பழித்துப் பயனில்லை, இடம் தவறு, அவ்வளவுதான். நம் கல்பாக்கத்தில் சோடிய உலையும் இருக்கிறது, அரிஹந்த் நீர்மூழ்கிக்காகத் தரையில் கட்டிய முன்மாதிரி உலையும் இருக்கிறது. அந்த இரண்டாவது, தண்ணீர் உலைதான்.

தண்ணீர் ஜெயித்தாலும் நாட்டிலஸுக்கு வேறு ஒரு குறை இருந்தது: சத்தம். கொஞ்சம் வேகமெடுத்தாலே அதன் சொந்த அதிர்வு, நீருக்கடியில் ஒலியை வைத்து மற்ற கப்பல்களைக் கண்டுபிடிக்கும் அதன் சோனாரையே செவிடாக்கிவிடும். இயந்திரங்களை உடற்கூட்டில் நேராக முட்டாமல், அதிர்வை உறிஞ்சும் மேடைமேல் ஏற்றி அந்தச் சத்தத்தை அடக்கியதெல்லாம் 1960களில் வந்த படகுகளில்தான்.