தூண்டில் ஈயக்குண்டு: வார்ப்பில் சுருக்கமும் பிசிறும் ஏன் விழுகின்றன?

காரீயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வீட்டிலேயே வார்க்க அதைவிட வசதியான உலோகம் குறைவு. ஆனாலும் தூண்டில் குண்டு வார்க்கும்போது மேனி சுருங்கி, விளிம்பு மழுங்கி வந்தால் பலரும் உடனே அடுப்பைக் கூட்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பாத்திரத்தில் இல்லை, அச்சில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கும். ஒரு கிலோ ஈயம் உறையும்போது வெளிவிடும் வெப்பம் சுமார் 23 கிலோஜூல்தான். அதே எடைத் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது விடுவதோ 334 கிலோஜூல். 400 டிகிரியில் ஊற்றிய 50 கிராம் ஈயம் முழுதும் உறைந்து முடிவதற்குள் அச்சுக்குக் கொடுப்பது ஏறக்குறைய 1.7 கிலோஜூல். 300 கிராம் அலுமினிய அச்சை அது 6 டிகிரி சூடாக்கும், அவ்வளவுதான். இவ்வளவு சொற்பமான வெப்பத்தோடு வரும் ஈயம் குளிர்ந்த அச்சைத் தொட்ட மாத்திரத்தில் தோல் கட்டிவிடுகிறது. பின்னால் வரும் ஈயம் அந்தத் தோலோடு கலக்க முடியாமல் மடிந்து நிற்கிறது. நாம் பார்க்கும் சுருக்கம் அந்த மடிப்புதான்.

ஆகவே முதலில் அச்சைச் சூடாக்குங்கள். உருகும் ஈயத்தின் அருகிலோ மின்தட்டின் மேலோ பத்து நிமிடமாவது வைத்து ஈரம் போகக் காயவிட்டு, பிறகு அதன் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் தோய்த்துப் பாருங்கள். ஈயம் ஒட்டிக்கொண்டு உறைந்தால் அச்சு இன்னும் குளிர்ச்சி. ஒட்டாமல் சுத்தமாக வெளியே வந்தால் ஊற்றலாம். அப்படியும் முதல் சில குண்டுகள் சரியாக வராது, அவற்றைத் திரும்பப் பாத்திரத்தில் போட வேண்டியதுதான். அதன்பின் ஒரே சீரான வேகத்தில் ஊற்றுங்கள். நன்றாக வந்த குண்டைக் கையில் எடுத்து ரசிக்கும் நேரத்தில் அச்சு ஆறிவிடும்.

அச்சு போதிய சூட்டில் இருந்தும் ஒரே இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பச் சுருக்கம் விழுந்தால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது. புது அச்சில் இது சகஜம். சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, முற்றிலும் காய வைத்தால் போதும். மாறாக, மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல் வெளுத்து வந்தால் அச்சு அதிகமாகச் சூடேறிவிட்டது என்று பொருள். தூண்டில் குண்டுக்கு அதனால் கெடுதல் இல்லை, கொஞ்சம் இடைவெளி விட்டு ஊற்றலாம்.

சுருக்கமே இல்லாமல் விளிம்பு மட்டும் மழுங்கினால், உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லை. அச்சின் இரு பாதிகள் சேரும் முகத்தில் மெல்லிய கீறல்கள் இருக்கும். காற்று போவது அவற்றின் வழியாக. பரப்பு இழுவிசை மிகுந்த ஈயம் அவ்வளவு குறுகிய கீறலில் நுழையாது. கரி அடைத்திருந்தால் மரக்குச்சியால் சுரண்டுங்கள். கீறலே இல்லாத அச்சில், குழியின் கடைசி மூலையிலிருந்து வெளி விளிம்புவரை ஊசிமுனையால் ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது. ஈயத்தோடு 1 முதல் 2 சதவீதம் வெள்ளீயம் சேர்த்தாலும் மூலைகள் நன்றாக நிரம்பும். ஆனால் அது விலை கூடியது. குண்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பேன்.

இணைப்புக் கோட்டில் பிசிறு வந்தால் அச்சை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீற்று தெரிந்தால் இடையில் ஈயத் துணுக்கு சிக்கியிருக்கிறது. அச்சைச் சூடாக்கி மரக்குச்சியால் துடைத்து எடுங்கள். அலுமினியத்தின்மேல் இரும்புத் தூரிகையைப் போட்டால் அது இழுக்கும் ஆழமான கீறல்களே அடுத்த பிசிறுக்கு வழி செய்யும்.

ஈயம் உறைகையில் சுமார் 3.5 சதவீதம் சுருங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட ஊற்றுவாயில் கொஞ்சம் ஈயம் மேலே தேங்கி நிற்க வேண்டும். கஞ்சத்தனமாக ஊற்றினால் தலைப்பகுதியில் பள்ளம் அல்லது உள்ளே பொந்து விழும், எடையும் குறையும்.

எதைச் செய்தும் ஈயம் திரிதிரியாக, மணல் கலந்ததுபோல் ஓடினால் துத்தநாகம் கலந்திருக்கலாம். வண்டிச் சக்கரத்தைச் சமநிலைப்படுத்தப் பொருத்தும் பழைய சக்கர எடைகளில் சில துத்தநாகத்தால் ஆனவை. அது 419.5 டிகிரியில்தான் உருகும் என்பதால், பழைய உலோகத்தை உருக்கும்போது 400 டிகிரிக்குள் வைத்திருந்தால் அவை உருகாமல் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். மின்கலத் தகடுகளை மட்டும் தொடவே வேண்டாம். அவற்றின் கசடு ஈரம் பட்டால் ஆர்சின் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகலாம்.

தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். ஒரு சொட்டு ஈரம் உருகிய ஈயத்துக்கு அடியில் போனாலும் பாத்திரம் முழுவதும் முகத்தில் தெறிக்கும். புதுக் கட்டிகளை உருகிய ஈயத்தில் போடாமல், ஆறிய பாத்திரத்தில் அடுக்கிச் சேர்த்தே சூடாக்குவது பாதுகாப்பு. முகக் கவசம், முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய காலணி நான்கும் அவசியம்.

புகையைவிட ஏமாற்றுவது கசடுத் தூசு. மேலே மிதக்கும் சாம்பல்நிற ஆக்சைடு விரலில் ஒட்டி வாய்க்குப் போகும். காற்றோட்டமான வெளியிடத்தில் வார்த்து, கசடை மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தப் பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது, போட்டிருந்த உடையையும் குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.