பூஞ்சைக்குப் பழி சமையல் மீதா?

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி) வாடகை வீடுகளையும், லாப நோக்கமில்லாத ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளையும் நிர்வகிக்கும் எங்கள் துறையில் இது பயிற்சிக் காலம். 2023-இல் வந்த சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தொடர்ந்து, 2026 அக்டோபரில் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. மூத்த மேலாளருக்கு வீட்டு நிர்வாகப் படிப்பில் நான்காம் நிலைச் சான்றிதழ், உயர் நிர்வாகிக்கு ஐந்தாம் நிலை. படித்து முடிக்கச் சில ஆண்டுகள் அவகாசமும் உண்டு. நல்ல விஷயம்தான்.

ஆனால் பூஞ்சைப் புகார் வரும்போது போன் எடுப்பவருக்கும், வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்ப்பவருக்கும் அப்படிச் சான்றிதழ் கட்டாயமில்லை. அவர்களுக்குத் தேவையான திறன் இருப்பதை நிறுவனம் உறுதி செய்தால் போதும். என் அனுபவத்தில் பாதி விஷயம் முடிவாவதே அவர்களிடம்தான்.

ராச்டேல் நகரில் 2 வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசித்ததே காரணம் என்று மரண விசாரணை முடிவு செய்தது. அப்பா 2017-லேயே புகார் சொல்லியிருந்தார். வீட்டு நிறுவனத்தார் பூஞ்சை மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாங்களாக ஊகித்துக்கொண்டது தவறு என்று வீட்டு நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

அந்த ஊகம் இன்னும் போகவில்லை. பயிற்சி வகுப்பில் ஒருவரை வாடகைதாரராகவும் இன்னொருவரைப் போன் எடுப்பவராகவும் நடிக்கச் சொல்வேன். பெரும்பாலும் முதல் கேள்வியே "வீட்டுக்குள் துணி காயப்போடுகிறீர்களா?" என்றுதான் வரும். அடுத்தது சமையல். சோறு வடிக்கிற எல்லா வீட்டுச் சுவரும் கறுத்துப் போயிருக்கிறதா என்ன? நீராவி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ஈரம் ஏன் வெளியேறவில்லை, அந்த ஒரு சுவர் மட்டும் ஏன் குளிர்ந்து கிடக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. குளியலறை மின்விசிறி ஓடுகிறதா, கூரைக் கால்வாய் உடைந்திருக்கிறதா, ஹீட்டர் போடப் பணம் இருக்கிறதா? இவற்றையெல்லாம் கேட்காமல் பழக்கவழக்கத்தில் தொடங்கினால், எதிர்முனையில் இருப்பவர் குற்றவாளிபோல் பதில் சொல்வார். அப்புறம் உண்மை வராது.

2025 அக்டோபர் 27 முதல், அந்தக் குழந்தையின் பெயரால் வந்த அவாப் சட்டம் இந்த வீட்டு நிறுவனங்களுக்கு அமலில் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து பாதுகாப்பாக்க வேண்டும். குறிப்பிடத்தக்க ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலைநாளுக்குள் ஆய்வு. ஆய்வு முடிந்து 5 வேலைநாளுக்குள் பாதுகாப்பு வேலை. முதல் இரண்டு கணக்கும் நிறுவனத்துக்கு விஷயம் தெரியவந்ததிலிருந்து ஓடத் தொடங்கும். கேஸ் இணைப்புள்ள வாடகை வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அதற்கு வரும் ஒப்பந்தக்காரரின் ஆள் பாய்லரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்க்காமல் போனால் ஓர் ஆண்டு வீண். அதனால் மேலாளர் வகுப்புக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கையாவது ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு ஒதுக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எங்கள் ஊழியர் இல்லையே என்பதுதான் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்.

மொழி இன்னொரு பெரிய ஓட்டை. ஆங்கிலம் தடுமாறும் அம்மாவுக்காகப் பள்ளி செல்லும் பிள்ளை மொழிபெயர்ப்பது இங்கே சாதாரணம். தம்பிக்கு இரவில் மூச்சு இரைக்கிறது என்பதை அது சொல்லாமலே விட்டுவிடும். போனில் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ளும் சேவை இருந்தும், அதை எப்படி இணைப்பது என்று தெரியாத ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

இங்கே கவுன்சில் வீட்டில் இருக்கும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் அழைப்பிலேயே குழந்தையின் வயது, ஆஸ்துமா, வீட்டிலிருக்கும் முதியவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்; அவசரமா இல்லையா என்பதை முடிவு செய்ய அது தேவை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். தேதியோடு படம் எடுத்து மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். புகார் நடைமுறை முடிந்தும் சரியாகவில்லை என்றால் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரிடம் (Housing Ombudsman) போகலாம், கட்டணம் கிடையாது.