லீபெரோ: சொல்லும், அதை வாழ்ந்து காட்டிய பரேசியும்

வாலிபால் பார்ப்பவர்களுக்கு ‘லிபரோ’ பழகிய சொல்தான். அணியில் ஒருவர் மட்டும் வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, எதிரணி அடிக்கும் பந்தைத் தரையில் விழவிடாமல் எடுத்துக்கொண்டே இருப்பாரே, அவர்தான். சர்வதேச வாலிபாலில் அந்த இடம் 1998-இல்தான் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கால்பந்தில் இந்தச் சொல் புழங்கியிருக்கிறது. பொருளும் அங்கேதான் தெளிவாகப் பிடிபடுகிறது.

இத்தாலிய உச்சரிப்பு ‘லீபெரோ’, அழுத்தம் முதல் அசையில். பொருள்: கட்டில்லாத, விடுபட்ட. ‘லிபெர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரயிலில் ஒரு இருக்கை காலியா என்று கேட்கவும் இத்தாலியர்கள் இதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

சரி, கால்பந்தில் எதிலிருந்து விடுதலை? அந்தக் காலத்துத் தடுப்பாட்டத்தில் ஆளுக்கு ஆள் கணக்கு. உனக்கு அவன், எனக்கு இவன் என்று எதிரணி முன்கள வீரர்களைப் பிரித்துக்கொண்டு, அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போக வேண்டும். இதில் ஒருவர் ஏமாந்தால் கோல்தான். அதனால் எல்லாருக்கும் பின்னால், யாரையும் பிடிக்கும் பொறுப்பில்லாத ஒருவரை நிறுத்தினார்கள். 1930-களில் சுவிட்சர்லாந்தில் பயிற்சியாளர் கார்ல் ராப்பன் இப்படி ஆடவைத்தார். 1940-களின் பிற்பாதியில் இத்தாலியில் ஜீப்போ வியானி, நெரேயோ ரொக்கோ போன்றவர்கள் செய்தார்கள். 1960-களில் எலெனியோ எர்ரேரா பயிற்றுவித்த, மிலான் நகரத்து இன்டர் அணி அதை வைத்தே ஐரோப்பாவை ஆண்டது. அந்த ஆட்டமுறைக்கு ‘கத்தெனாச்சோ’, அதாவது தாழ்ப்பாள், என்று பெயர். பின்னால் நின்றவருக்கு ‘லீபெரோ’ என்று பெயர் வைத்தவர் விளையாட்டுப் பத்திரிகையாளர் ஜானி பிரேரா என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது.

ஆங்கிலத்தில் இவரை ‘ஸ்வீப்பர்’ என்பார்கள், கூட்டிப் பெருக்குபவர். இந்தப் பெயர் எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அது அவர் செய்யும் வேலையில் பாதியை மட்டும்தான் சொல்கிறது. மீதிப் பாதி என்னவென்று தெரிய இத்தாலியத் தடுப்பு வீரர் ஃபிராங்கோ பரேசியின் ஆட்ட வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

பரேசி 1960-இல் பிரேஷா பக்கத்திலுள்ள திராவல்யாத்தோ என்ற ஊரில் பிறந்தவர். சிறுவனாக இன்டருக்குப் போனபோது அண்ணன் ஜூசெப்பேயை எடுத்துக்கொண்டு இவரை விட்டுவிட்டார்கள். ஏசி மிலான் எடுத்துக்கொண்டது. 1978 ஏப்ரலில், 18 வயதுகூட நிரம்பாமல், இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவில் முதல் ஆட்டம். அடுத்த பருவத்திலேயே அணியின் லீபெரோ, அணிக்குச் சாம்பியன் பட்டமும் கிடைத்தது. அப்புறம்தான் சோதனை. 1980-இல் சூதாட்ட ஊழலுக்குத் தண்டனையாக மிலான் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது, ஏறி வந்த கையோடு 1982-இல் தோற்றே மறுபடியும் இறங்கியது. பரேசி இரண்டு முறையும் அணியை விட்டுப் போகவில்லை. 22 வயதில் அணித்தலைவரானார்.

1987-இல் பயிற்சியாளராக அர்ரிகோ சாக்கி வந்ததும் ஆட்டமுறை தலைகீழாக மாறிவிட்டது. ஆளுக்கு ஆள் கிடையாது, எல்லாரும் இடத்தைத்தான் காக்க வேண்டும். பின்னால் தனியாக நிற்கும் ஆளும் கிடையாது. தஸ்ஸோத்தி, கொஸ்தாகுர்த்தா, பரேசி, மால்தீனி நால்வரும் ஒரே கோட்டில். அந்தக் கோட்டினை எப்போது முன்னே தள்ளுவது என்பதைப் பரேசிதான் பார்த்துக்கொள்வார். எதிரணிக்காரர் பந்தை அனுப்பக் காலைத் தூக்கும் அந்தக் கணத்தில் நான்கு பேரும் சேர்ந்து முன்னேற, பரேசியின் கை ஆஃப்சைடு (தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கும் தவறு) கேட்டு மேலே போகும். அந்தக் காலத்து மிலான் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை மறக்காது. பந்தைப் பறித்தால் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைக்க மாட்டார். தலையை நிமிர்த்தி, தானே நடுக்களத்தைத் தாண்டிக் கொண்டுபோவார். 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வந்தது.

கவனியுங்கள், சொல் பிறந்த இடமான ‘எல்லாருக்கும் பின்னால் ஒருவர்’ என்பதே இப்போது இல்லை. ஆனாலும் பரேசியை லீபெரோ என்றுதான் அழைத்தார்கள். பின்னால் நிற்பது போனாலும், ஆட்டத்தைப் படித்து எங்கே வேண்டுமோ அங்கே போகும் உரிமை அவரிடமே இருந்தது. அந்த உரிமைதான் சொல்லின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

1994 உலகக் கோப்பை இறுதிப்போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேக்கு எதிரான முதல் சுற்று ஆட்டத்தில் முழங்கால் சவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், காயம்பட்ட 24-ஆம் நாள் அமெரிக்காவின் பசடேனாவில் பிரேசிலுக்கு எதிராக இறங்கி 120 நிமிடம் ஆடினார். கொஸ்தாகுர்த்தாவுக்குத் தடை, பக்கத்தில் மால்தீனி. எதிரே பிரேசில் முன்கள வீரர்கள் ரொமாரியோ, பெபெத்தோ. கோலே இல்லை. அப்புறம் பெனால்டியில் இத்தாலியின் முதல் உதை அவருடையது, கம்பத்துக்கு மேலே போய்விட்டது. இத்தாலியின் கடைசி உதையைத் தவறவிட்ட பஜ்ஜோவைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது, ஆனால் அன்றைய 120 நிமிடம் எந்த ஆட்டக்காரரும் பெருமைப்பட வேண்டியது. 1997-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய 6-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று மிலான் நிறுத்தி வைத்தது. ஆடியது அந்த ஒரே கிளப்புக்கு, 719 ஆட்டங்கள்.

இனி, லீபெரோவைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘துப்புரவாளர்’ ஸ்வீப்பரின் நேர் பெயர்ப்பு, வேண்டாம். ‘கடைக்காவலர்’ நிற்கும் இடத்தைச் சொல்கிறது, பரேசிக்கே அது பொருந்தாது, கோல் காப்பாளரோடும் குழம்பும். ‘சுதந்திர வீரர்’ என்றால் கிளப் ஒப்பந்தம் முடிந்தவர் என்று தோன்றும். நம்மிடம் ஏற்கெனவே ‘கட்டற்ற’ இருக்கிறதே! கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று எழுதிப் பழகிவிட்டோம், அதுவும் லீபெரோவுக்கு உறவான ‘லிப்ரே’ (பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ‘விடுபட்ட’) என்ற பொருளில்தான். ஒரு ஆளோடு கட்டப்படாதவர் என்ற பொருளும் அப்படியே வந்துவிடுகிறது. ஆகவே ‘கட்டற்ற காவலர்’ என்பதே என் பரிந்துரை. நடுவில் நிற்கும் தடுப்பு வீரர் எல்லாருக்கும் இதைப் போட்டுவிடக் கூடாது. கொஸ்தாகுர்த்தா மையத் தடுப்பு வீரர், பரேசி கட்டற்ற காவலர். வாலிபாலில் ‘லிபரோ’ ஊரெல்லாம் பரவிவிட்டது, அதை அப்படியே விட்டுவிடலாம்.